பாண்டி - கடலூர் ரூட்டுல பழைய பஸ்ஸ ஒரு நாள் ஓட்ட முடியுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க

கெடிலக்கரை | கடலூர்

எல்லாருக்கும் வணக்கம். பாகூர் பக்கம் ஒரு தென்னந்தோப்புல, தகர ஷெட்டுக்குள்ள மூக்கு வச்ச பழைய பஸ் ஒண்ணு நிக்குது. எனக்கு தெரிஞ்ச குடும்பம்தான், அவங்க தாத்தா காலத்துல பர்மிட் எடுத்து ஓட்டின வண்டி. 2011 டிசம்பர் 30ம் தேதி தானே புயல் அடிச்சப்ப ஷெட்டு மேல தென்ன மரம் சாஞ்சு கூரை பாதி போயிடுச்சு, அதுலேர்ந்து தார்ப்பாய் போட்டு மூடி வச்சிருக்காங்க. போன வாரம் போய் தார்ப்பாய தூக்கி உள்ள பாத்தேன். ஜன்னலுக்கு கண்ணாடியே கிடையாது, மழை வந்தா அவிழ்த்து விடற ரெக்சின் படுதா, அதோட பெல்ட்டும் பக்கிளும் அப்படியே இருக்கு. டிரைவர் தலைக்கு மேல பலகைல கையெழுத்து பெயிண்டுல "சரியான சில்லறை தரவும்"னு எழுதினது நல்லாவே படிக்க முடியுது. பின்னாடி ஏணில நாலாவது படி மட்டும் காணோம்.

பழைய இரும்பு எடுக்கறவங்க வந்து விலை பேசிட்டு போயிருக்காங்க. அதான் அவசரமா இந்த இழைய போடறேன்.

நான் கேக்கறது ஒண்ணுதான். வெளிநாட்டுல பழைய பஸ்ஸ எல்லாம் வருஷத்துல ஒரு நாள் ரோட்ல இறக்கி, பழைய ரூட்டுலயே ஜனங்கள ஏத்திக்கிட்டு ஓட்டறாங்களே, அது மாதிரி இங்க ஏன் பண்ணக்கூடாது? பார்க்குல கொண்டு போய் நிறுத்தி கயிறு கட்டி போர்டு மாட்டறது எனக்கு போதாது. பஸ்னா அது ஓடணும், ஆள் ஏறணும், கண்டக்டர் விசில் ஊதணும், ஸ்டாப்புல நின்னு கை காட்டினா நிக்கணும். இதுல அனுபவம் இருக்கறவங்க, வண்டி தெரிஞ்சவங்க, சட்டம் தெரிஞ்சவங்க வாங்க.

தேம்ஸ்_பாண்டிக்காரன் | லண்டன், சொந்த ஊர் முத்தியால்பேட்டை

அருமையான விஷயம் ப்ரோ. நான் இங்க பாத்தத சொல்றேன். வின்செஸ்டர்னு ஒரு பழைய ஊர், பெரிய கதீட்ரல் இருக்கற ஊர், அங்க கிங் ஆல்ஃப்ரட்னு ஒரு குடும்ப கம்பெனி டவுன் பஸ் ஓட்டிக்கிட்டு இருந்தாங்க, 1973ல வேற கம்பெனிக்கு வித்துட்டாங்க. அதோட முடிஞ்சிருக்கணும், ஆனா ஊர்க்காரங்க விடல. அந்த கம்பெனி வண்டிங்க எங்கெங்க போச்சுனு தேடி புடிச்சு வாங்கி, ரிப்பேர் பண்ணி, ஒரு நாள் குறிச்சு பழைய ரூட்டுலயே ஓட்டறாங்க. ஆல்ஃப்ரட் ராஜா சிலை இருக்கற பிராட்வே தெருவுல பஸ்ஸா நிக்கும். டிக்கெட் காசு வாங்கறதில்ல, டைம்டேபிள் போட்ட புஸ்தகத்த விக்கறாங்க, உண்டியல் வைக்கறாங்க, அதுல வர்ற காசுலதான் அடுத்த வண்டிக்கு வேலை நடக்குது.

இன்னொண்ணு இம்பர்னு ஒரு கிராமம். 1943ல ராணுவ பயிற்சிக்காக ஊர காலி பண்ண வச்சாங்க, ஜனங்க திரும்ப போகவே இல்ல. அந்த ஆளில்லாத கிராமத்துக்கு 2009லேர்ந்து வருஷத்துல ஒரு நாள் வார்மின்ஸ்டர் ரயில்வே ஸ்டேஷன்லேர்ந்து லண்டன் சிவப்பு ரூட்மாஸ்டர் பஸ் விடறாங்க. ரூட்மாஸ்டர் 1956ல ரோட்டுக்கு வந்தது, 2005 டிசம்பர்ல ரெகுலர் சர்வீஸ்லேர்ந்து எடுத்தாங்க, இன்னிக்கும் நிறைய ஓடற நிலைமைல இருக்கு. காரணம் என்னன்னா ஒவ்வொரு வண்டிக்கும் பின்னாடி நாலு அஞ்சு பேர் சனி ஞாயிறுல கிரீஸும் கையுமா நிக்கறாங்க.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஃபிரான்ஸ் தொடர்பும் இருக்கே. எங்க பெரியப்பா 60கள்ல பாரீஸ் போனவரு, பின்னாடி திறந்த பிளாட்பார்ம் வச்ச பஸ்ஸுல நின்னுக்கிட்டே வேலைக்கு போனத இன்னிக்கும் சொல்லுவாரு. அந்த மாடல் அங்க 1971 வரைக்கும் ஓடுச்சு.

பட்டை_ஸ்பிரிங் | வில்லியனூர்

கெடிலக்கரை அண்ணே, வண்டி என்ன மேக்குனு சொல்லவே இல்லயே. முன்னாடி கிரில்ல மூணு முனை ஸ்டார் இருக்கா இல்ல "டி" எழுத்தா? டாட்டாவுக்கும் பென்ஸ் கம்பெனிக்கும் 1954லேர்ந்து 1969 வரைக்கும் ஒப்பந்தம், அது வரைக்கும் வந்ததுல ஸ்டார் இருக்கும், அப்புறம் வந்ததுல டி. லேலண்டா இருந்தா கிரில்லயே பேர் இருக்கும். அசோக் மோட்டார்ஸ் 1948ல ஆரம்பிச்சது, 1955லதான் அசோக் லேலண்ட்னு பேர் ஆச்சு, காமெட்தான் அந்த கால பஸ் சேசிஸ்ல ராஜா.

கெடிலக்கரை | கடலூர்

ஸ்டார்தான் தம்பி. ஒரு முனை உடைஞ்சிருக்கு.

பட்டை_ஸ்பிரிங் | வில்லியனூர்

அப்படின்னா 312 இன்ஜினா இருக்கும், ஆறு சிலிண்டர். அண்ணே தயவு செஞ்சு யாரும் பேட்டரி மாட்டி செல்ஃப் அடிச்சு பாக்காதீங்க. இத்தன வருஷம் நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கு எல்லாம் சிலிண்டர் லைனரோட ஒட்டிக்கிட்டு இருக்கும், செல்ஃப் அடிச்சா ரிங்கு முறியும், இல்ல ராடு வளையும். முதல்ல டீசல் பீச்சற நாசில் ஆறையும் கழட்டி, அந்த ஓட்டை வழியா கொஞ்சம் கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு வாரம் ஊற விடணும். அப்புறம் முன்னாடி ஹேண்டில் போட்டு கையால மெதுவா ரெண்டு பக்கமும் அசைச்சு பாக்கணும், சுத்துனாதான் அடுத்த வேலை. டீசல் டேங்க் அடில கறுப்பா தார் மாதிரி தேங்கியிருக்கும், இறக்கி கழுவணும். டீசல் தள்ளற மைக்கோ பம்ப கழட்டி, அளவு சரி பண்ண காலிபரேஷனுக்கு அனுப்பணும். கிளட்ச் பிளேட் ஃபிளைவீலோட துரு புடிச்சு ஒட்டியிருக்கும், பிரேக் வீல் சிலிண்டர் எல்லாமே புதுசு.

இன்ஜின கூட பொழைக்க வச்சிடலாம், எனக்கு பயம் பாடிதான். அந்த காலத்து பாடி தேக்கு சட்டம் அடிச்சு மேல அலுமினியம் ஷீட் ரிவிட் பண்ணது. நம்ம பக்கம் உப்புக் காத்து, தோப்பு ஈரம் வேற. வெளிய ஷீட் பளபளன்னு இருக்கும், உள்ள சட்டத்த கரையான் முடிச்சிருக்கும். ஒரு ஸ்க்ரூ டிரைவர எடுத்து படிக்கட்டு பக்கத்து சட்டத்துல குத்தி பாருங்க, உள்ள போனா பெரிய வேலை.

ஸ்டேரிங்_கை | கடலூர் ஓல்டு டவுன்

தம்பிங்களா, நான் ரிட்டயர்டு டிரைவர். தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் விழுப்புரத்துல 1975ல ஆரம்பிச்சாங்க, அதுக்கு கொஞ்ச வருஷம் கழிச்சு சேந்தவன், 1997ல பேரெல்லாம் மாத்தி ஒரே பேரா ஆக்கினப்பவும் சர்வீஸ்ல இருந்தேன். சேர்றதுக்கு முன்னாடி ஒரு தனியார் முதலாளி கிட்ட இதே ஸ்டார் வச்ச வண்டிய ஓட்டியிருக்கேன், அதனால சொல்றேன்.

காலைல ஸ்டார்ட் பண்றதே ஒரு வேலை. ஹீட்டர் சுவிட்ச இழுத்து புடிச்சா டேஷ்போர்டுல சின்ன சல்லடை மாதிரி ஒரு மூடி, அதுக்குள்ள ஒரு கம்பி சுருள் மெதுவா செவக்கும். நல்லா செவந்த பிறகுதான் செல்ஃப் அடிக்கணும், அவசரப்பட்டா புகைதான் வரும், வண்டி எடுக்காது. கியர் இப்ப மாதிரி தள்ளினா விழாது. கிளட்ச் மிதிச்சு நியூட்ரலுக்கு கொண்டாந்து, கிளட்ச விட்டு, மறுபடியும் மிதிச்சு அடுத்த கியர் போடணும், இறக்கும்போது நடுவுல ஒரு ரேஸ் கொடுக்கணும், சத்தத்த கேட்டு தெரிஞ்சுக்கணும் எவ்வளவு ரேஸ்னு. தப்பா கொடுத்தா பஸ்ஸுல இருக்கற அத்தன பேரும் திரும்பி டிரைவர பாப்பாங்க. பவர் ஸ்டேரிங் கிடையாது, மஞ்சக்குப்பத்துல ஆளு நிக்கற இடத்துல வளைக்கறதுக்குள்ள தோள் கழண்டுடும். பெண்ணையாத்து பாலத்துக்கு முன்னாடியே வேகத்த குறைச்சிடுவோம், பிரேக் உடனே புடிக்காது.

இப்ப சர்வீஸ்ல இருக்கற பசங்க நல்லா ஓட்டறாங்க, குறை சொல்லல, ஆனா இந்த வண்டிய அவங்க கைல கொடுத்தா கியர் பாக்ஸ் ஒரு நாள் கூட தாங்காது. என்னை மாதிரி ஆளுங்க இன்னும் கொஞ்ச பேர் இருக்கோம், கை நடுக்கம் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு சின்ன பசங்களுக்காவது சொல்லிக் கொடுத்துடணும். பஸ்ஸ காப்பாத்தறீங்க சரி, அத ஓட்டற வித்தையும் சேத்து காப்பாத்துங்க.

ஆர்டிஓ_வாசல் | புதுச்சேரி

ஐயா சொன்னத படிச்சு மனசு நிறைஞ்சுது. ஆனா சட்டம் என்ன சொல்லுதுனு யாராவது சொல்லித்தானே ஆகணும், நான் சொல்றேன்.

2021 ஜூலைல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குனு விதி கொண்டு வந்தாங்க. முதல் பதிவு ஆகி 50 வருஷம் தாண்டியிருக்கணும், ஒரிஜினலா இருக்கணும், புதுசா பதிவு பண்ண 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பர் பிளேட்டுல "விஏ"னு வரும். கேக்க நல்லா இருக்கும். ஆனா அது டூ வீலருக்கும் எம்1 வகை வண்டிக்கும் மட்டும்தான், அதாவது கார். பஸ் எம்3. பஸ்ஸுக்கு அந்த கதவு திறக்கவே இல்ல. கார்னாலும் கூட கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, மெயின்டனன்ஸுனு வெளிய எடுக்கலாமே தவிர தினசரி ஓட்டவோ வாடகைக்கு ஓட்டவோ முடியாது.

அப்போ பஸ்ஸுக்கு சாதா வழிதான்: எஃப்.சி. (வண்டி ஓடற தகுதில இருக்குனு தர்ற சர்டிஃபிகேட்), பர்மிட், இன்சூரன்ஸ் மூணும் வேணும். எஃப்.சி. இல்லாத டிரான்ஸ்போர்ட் வண்டி சட்டப்படி பதிவே இல்லாத வண்டி கணக்கு. மோட்டார் வாகன சட்டம் 87வது பிரிவுல திருவிழா, சந்தை மாதிரி விசேஷத்துக்கு தற்காலிக பர்மிட் தர வழி இருக்கு, அத புடிச்சுக்கிட்டு கேக்கலாம். ஆனா எஃப்.சி. பாஸ் ஆனாதான் அந்த பேச்சே. ஆர்.சி. புக் ஒரிஜினல் இருக்கா, சேசிஸ் நம்பர் படிக்க முடியுதா, வரி பாக்கி எவ்வளவு, இத முதல்ல பாருங்க.

இன்னொரு சிக்கல், பாண்டியும் கடலூரும் வேற வேற மாநில கணக்கு. முள்ளோடைய தாண்டினா தமிழ்நாடு பர்மிட்டும் வேணும். ஒரு நாள் கூத்துக்கு ரெண்டு அரசு கிட்ட நடக்கணும். அதனால என் யோசனை, பாண்டி பஸ் ஸ்டாண்டுலேர்ந்து முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் போய் அங்க திரும்பி பாகூர். முழுக்க புதுச்சேரி எல்லைக்குள்ளயே முடிஞ்சிடும்.

ஆல்பேட்டை_ஆளு | கடலூர்

அது எப்படிங்க? அந்த ரோட்டுக்கே பேர் கடலூர் ரோடு. கடலூர் வராத கடலூர் ரோட்டு பஸ்ஸா? தென்னார்க்காடு மாவட்டத்துக்கே தலைநகர் எங்க ஊரு, 1993ல விழுப்புரம் பிரியற வரைக்கும் பாதி ஜனங்க கலெக்டர் ஆபீஸுக்கு, கோர்ட்டுக்கு எங்க ஊருக்குத்தான் பஸ் ஏறி வந்தாங்க. திருப்பாப்புலியூர்லேர்ந்து மஞ்சக்குப்பம், ஆல்பேட்டை, ரெட்டிச்சாவடினு இந்தப் பக்கம்தான் பஸ்ஸோட கதையே.

பாகூர்_பொண்ணு | பாகூர்

அண்ணா சண்ட வேணாம், ஆனா பாகூர் வரைக்கும்னா எனக்கு சந்தோஷம். எங்க அம்மா கத்தரிக்காய், வெண்டக்காய் கூடைய ராத்திரியே கட்டி வச்சு, விடியறதுக்கு முன்னாடி முத பஸ்ஸுல பாண்டி பெரிய மார்க்கெட்டுக்கு எடுத்துட்டு போவாங்க. கிளீனர் பையன் ஏணில ஏறி நிப்பான், கீழேர்ந்து ஒருத்தர் கூடைய தலைக்கு மேல தூக்கிக் கொடுக்க அவன் ஒரே கைல வாங்கி கேரியர்ல அடுக்குவான். யார் கூடை யாருதுன்னு அடையாளத்துக்கு எங்க அம்மா ஒரு பச்ச துணி கட்டுவாங்க. லேட்டா போனா மார்க்கெட்டுல விலை இறங்கிடும், அதனால டிரைவர் ஒரு நிமிஷம் லேட் பண்ணா போதும், பொம்பளைங்க எல்லாம் சேந்து சத்தம் போடுவாங்க.

ஒரு கோரிக்கை. இத வெறும் ஒயிட் டவுன் ஃபோட்டோ ஷூட்டா ஆக்கிடாதீங்க. இந்த பஸ் கிராமத்து ஜனங்களுக்கு ஓடின பஸ்.

கடற்கரை_காத்து | ஒயிட் டவுன், புதுச்சேரி

அக்கா சொல்றது நியாயம், ஆனா காசு எங்கேர்ந்து வரும்? டூரிஸ்ட் வர்ற இடத்துல நிறுத்தினாதான் நாலு பேர் பாப்பாங்க, ஸ்பான்சர் கிடைக்கும். பாரதி பூங்காவ சுத்தி, கவர்னர் மாளிகை முன்னாடி, காந்தி சிலை கிட்ட நின்னா இந்தியா முழுக்க வீடியோ பரவும். பீச் ரோட்டுல சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வண்டிக்கு அனுமதி இல்ல, ஆனா காலைல கேக்கலாம்.

ஸ்டேரிங்_கை | கடலூர் ஓல்டு டவுன்

தம்பி அந்த தெருவெல்லாம் எனக்கு தெரியும். எட்டடி அகல வண்டி, ரெண்டு பக்கமும் கார் நிறுத்தியிருப்பாங்க, முனைக்கு முனை தொண்ணூறு டிகிரி திருப்பம். இந்த ஸ்டேரிங்க வச்சுக்கிட்டு ஒவ்வொரு முனைலயும் ரெண்டு ரிவர்ஸ் எடுக்கணும். கிளட்ச் எரிஞ்சிடும். நிறுத்தி வைக்க வேணும்னா காலைல ஒரு மணி நேரம் நிறுத்துங்க, ஓட்டறதுக்கு கடலூர் ரோடுதான்.

புளியமர_நிழல் | நைனார்மண்டபம்

ரொம்ப பழைய கதை ஒண்ணு சொல்றேன், எங்க தாத்தா சொன்னது. ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பெட்ரோல் ரேஷன். அப்போ பஸ் எல்லாம் கரில ஓடுச்சு, கரி பஸ்னே பேர். பின்னாடி ஆள் உயரத்துக்கு ஒரு உருளை அடுப்பு, அதுல மரக்கரி போட்டு பத்த வச்சு, கிளீனர் ஒருத்தர் காத்தாடி ஹேண்டில சுத்திக்கிட்டே இருக்கணும், கேஸ் வந்த பிறகுதான் இன்ஜின் எடுக்கும். ஏத்தத்துல இழுக்காது, ஜனங்க இறங்கி தள்ளணும். அப்புறம் பிரெஞ்சு எல்லைல செக்போஸ்ட்டு. 1949ல பிரெஞ்சுக்காரங்களோட இருந்த சுங்க ஒப்பந்தம் ரத்து ஆன பிறகு கெடுபிடி ஜாஸ்தி ஆயிடுச்சு, பஸ்ஸ நிறுத்தி மூட்டைய எல்லாம் பிரிச்சு பாப்பாங்க. 1954 நவம்பர் 1ல பாண்டி இந்தியா கைக்கு வர்ற வரைக்கும் அந்தக் கதைதான். இதெல்லாம் ஓடற நாள்ல பஸ்ஸுக்குள்ளயே யாராவது பெரியவங்க உக்காந்து சொன்னா பசங்களுக்கு எவ்வளவு நல்லா இருக்கும்.

கெடிலக்கரை | கடலூர்

எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன். கண்ணு கலங்குது உண்மையாவே.

ஆல்பேட்டை தம்பி கோபம் எனக்கும் இருக்கு, நானும் கடலூர்தான். ஆனா ஆர்டிஓ சார் சொல்ற வழிதான் முதல் வருஷத்துக்கு நடக்கும். பாண்டி - பாகூர்னு ஆரம்பிப்போம். கடலூர்லேர்ந்து வர்றவங்க சாதா பஸ்ஸுல கன்னியக்கோயில் வந்து இறங்கி ஏறிக்கட்டும். அது ஒழுங்கா நடந்துட்டா அடுத்து ரெண்டு பக்க பர்மிட்டுக்கும் மனு போடலாம், கைல காட்ட ஒரு நடந்த காரியம் இருக்கும். மழைக்காலம் முடிஞ்சு பிப்ரவரில ஒரு ஞாயித்துக்கிழமை, மாசி மகம் கூட்டத்தோட மோதாம பாத்துக்கணும்.

இன்னொரு விஷயம் மனச அரிக்குது. 2023 ஏப்ரல் 1லேர்ந்து 15 வருஷம் தாண்டின அரசு வண்டிக்கு பதிவ புதுப்பிக்கறதில்ல, போக்குவரத்துக் கழக பஸ்ஸும் அதுல சேத்தி, நேரா ஸ்கிராப்புக்குத்தான். புகை விடற ஓட்டை வண்டி போகட்டும், ஜனங்களுக்கு நல்ல பஸ் வேணும், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா நாம சின்ன வயசுல ஸ்கூலுக்கு போன மாடல் எல்லாம் ஒண்ணு கூட மிஞ்சாம போகுது. ஒவ்வொரு மாடல்லயும் ஒரே ஒரு வண்டிய எடுத்து வைங்கனு ரெண்டு பக்க அரசுக்கும் மனு எழுதணும். விண்டேஜ் விதில பஸ்ஸையும் சேருங்கனு மத்திய அரசுக்கும் தனியா ஒண்ணு. எழுத தெரிஞ்சவங்க கை கொடுங்க.

ஆர்டிஓ_வாசல் | புதுச்சேரி

மூணு மனுவும் நான் டிராஃப்ட் பண்றேன், இந்த வாரக் கடைசிக்குள்ள இங்கயே போடறேன், திருத்துங்க. முக்கியமா ஒண்ணு, முதல் வருஷம் ரோட்டுல ஜனங்கள ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு மைதானத்துக்குள்ள ஓட்டி காட்டுங்க, அதிகாரிங்கள கூப்பிட்டு உக்கார வச்சு ஒரு சுத்து சுத்துங்க. பேப்பர்ல சொல்றத விட அது வேலை செய்யும். இன்சூரன்ஸ் இல்லாம ஒரு குழந்தைய கூட ஏத்தக்கூடாது, இதுல நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்.

தேம்ஸ்_பாண்டிக்காரன் | லண்டன்

கலர் பத்தி ஒண்ணு. யாரும் அவசரப்பட்டு பளபளன்னு புது பெயிண்ட் அடிச்சிடாதீங்க. கதவு ஓரத்துல யாருக்கும் தெரியாத இடமா பாத்து, உள்ளங்கை அளவுக்கு தண்ணி எமரி பேப்பர் போட்டு மெதுவா தேய்ங்க. ஒவ்வொரு லேயரா வெளிய வரும், வளையம் வளையமா. கடைசில மெட்டலுக்கு மேல இருக்கற பிரைமர், அதுக்கு அடுத்த கலர்தான் முதலாளி முத முதல்ல அடிச்ச கலர். அத ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டு அதே கலர அடிங்க. பழைய எழுத்து இருக்கற இடத்த தொடவே கூடாது, "சரியான சில்லறை தரவும்" பலகைய கழட்டி வீட்டுக்குள்ள பத்திரமா வைங்க. டயர், பம்ப் செலவுக்கு இங்க இருக்கற நம்ம பசங்க கிட்ட நான் கேக்கறேன்.

பாகூர்_பொண்ணு | பாகூர்

தோப்பு எங்க வீட்டுலேர்ந்து பக்கம்தான்னு நினைக்கறேன். அந்த குடும்பத்து பாட்டி கிட்ட எங்க அம்மாவ கூட்டிட்டு போய் பேச வைக்கறேன், ரெண்டு பேருக்கும் பழக்கம் இருக்கும். இரும்புக்காரங்களுக்கு கொடுக்காதீங்கனு முதல்ல சொல்லிட்டு வர்றோம்.

கெடிலக்கரை | கடலூர்

அம்மா, இன்னிக்கே போக முடியுமா? அவங்க பையன் நாளைக்கு பதில் சொல்றேன்னு அந்த ஆளுங்க கிட்ட சொல்லியிருக்காரு.

பாகூர்_பொண்ணு | பாகூர்

போயிட்டு வந்துட்டோம் அண்ணா. பாட்டிக்கு அம்மாவ அடையாளம் தெரிஞ்சுது, பச்ச துணி கூடைனு அவங்களே சொன்னாங்க. பொங்கல் வரைக்கும் யாருக்கும் கொடுக்கல, ஆனா அதுக்குள்ள வேலை ஆரம்பிச்சு காட்டணும்னு பையன் கண்டிப்பா சொல்லிட்டாரு. ஆர்.சி. புக் பீரோல இருக்காம், எடுத்து வைக்கறேன்னாங்க.

பட்டை_ஸ்பிரிங் | வில்லியனூர்

அப்போ இந்த ஞாயித்துக்கிழமையே ஆரம்பிச்சிடுவோம். நான் நாசில் ஸ்பேனர், அஞ்சு லிட்டர் ஆயில், ரெண்டு ஜாக்கி எடுத்துட்டு வரேன். நாலு சக்கரத்துக்கும் கீழ வைக்க தடிமனான மரக்கட்டை வேணும், தென்னங்கட்டை வேணாம், நசுங்கிடும். ஸ்டேரிங் ஐயா, உங்கள நான் கடலூர்லேர்ந்து வண்டில கூட்டிட்டு வரேன், நீங்க உக்காந்து சொன்னா போதும்.

ஸ்டேரிங்_கை | கடலூர் ஓல்டு டவுன்

உக்காந்து எல்லாம் சொல்ல மாட்டேன் தம்பி. ஹேண்டில நான்தான் போடுவேன். காலைல ஆறு மணிக்கு மணிக்கூண்டு கிட்ட நிக்கறேன்.